பி.எட். மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள்: பட்டதாரி ஆசிரியர் பயிற்சியும் வகுப்பறைச் சமத்துவமும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் நான். வருடா வருடம் பி.எட். மாணவர்கள் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். மைக்ரோ டீச்சிங் (சின்னப் பாடப்பகுதியைச் சில நிமிடம் நடத்திப் பழகுவது), லெசன் பிளான், ரெக்கார்டு நோட்டு பற்றிய சந்தேகங்களை அவர்கள் சீனியர்களிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். சாதி, வறுமை, பெண் பிள்ளைகள், மாற்றுத்திறன் என்று வந்தால்தான் வராந்தாவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றோடு, பி.எட். சேரலாமா என்று யோசிப்பவர்களின் கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

சமத்துவக் கல்விக்கென்று தனியாக ஒரு பி.எட். இருக்கிறதா?

இல்லை. சிறப்புக் கல்விக்குத் தனி பி.எட். உண்டு, அது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரத்தில் நடப்பது, மாற்றுத்திறன் மாணவர்களுக்கானது. மற்றபடி சாதி, பாலினம், மொழி, வறுமை எல்லாமே பொது பி.எட்.டுக்குள்தான் வருகின்றன.

முன்பு பி.எட். ஒரு வருடப் படிப்பு. உளவியல், தத்துவம், பாடம் நடத்தும் முறை, அதோடு சரி. ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ல் விதிகளை மாற்றியது. தமிழ்நாட்டில் 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடம். கூடுதலாகக் கிடைத்த காலம் முக்கியமாக இரண்டு விஷயங்களுக்குப் போனது: நீண்ட பள்ளிப் பயிற்சி, அப்புறம் சமூகத்தைப் பற்றிய தாள்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே நடப்பதுதான் என் பெரிய குறை. கல்லூரியில் ‘பாலினம், பள்ளி மற்றும் சமூகம்’ தாளுக்கு அசைன்மென்ட் எழுதிய அதே பெண், எங்கள் பள்ளிக்கு வந்து “கேர்ள்ஸ் எல்லாம் கிளாஸைக் கூட்டிடுங்கம்மா” என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

யார் சேரலாம்?

பள்ளிப் பாடத்துக்குப் பொருந்தும் பட்டம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. சேரும் வருடத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாமா?

முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி, பி.எட். ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டதாரி ஆசிரியருக்கு ஆறு முதல் பத்து வரை.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது தனித் திறமை என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். பி.எட்.டில் அதற்கு ஒரு பயிற்சியும் இல்லை. தொடக்கப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்க்க உங்கள் கல்லூரியில் அனுமதி கேளுங்கள். பாதிக் கல்லூரிகள் தராது, இருந்தாலும் கேளுங்கள்.

பாடத்திட்டத்தில் சமத்துவம் எந்தத் தாள்களில் வருகிறது?

‘சமகால இந்தியாவும் கல்வியும்’ தாளில் அரசியல் சட்டம், கல்வி உரிமைச் சட்டம், சமூக வேறுபாடுகள் வரும். ‘பாலினம், பள்ளி மற்றும் சமூகம்’, ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ இரண்டும் பெயரிலேயே தெரியும். பலரும் கோட்டைவிடுவது ‘கலைத்திட்டம் முழுவதும் மொழி’ தாளைத்தான். கேட்டால் “அது தமிழ், இங்கிலீஷ் மேஜர்களுக்கு சார்” என்கிறார்கள். கணக்கு, அறிவியல் எடுப்பவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. ஏன் என்று கீழே மொழி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பயிற்சிக்குப் பள்ளிக்கு வந்தால் எதைக் கவனிப்பது?

மொத்தம் இருபது வாரம்: முதல் வருடம் நான்கு, இரண்டாம் வருடம் பதினாறு. பெரும்பாலோர் இதை சார்ட் ஒட்டுவதிலும் ரெக்கார்டு முடிப்பதிலும் தீர்த்துவிடுகிறார்கள். என் வகுப்புக்கு வருபவர்களிடம் நான் முதலில் கொடுக்கும் வேலை வேறு.

ஒரு வெள்ளைத் தாளில் வகுப்பின் பெஞ்சுகளை வரைந்துகொள்ளச் சொல்வேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்துபவர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு டிக். “புரிஞ்சுதா?” என்று பொதுவாகக் கேட்டு வகுப்பே “புரிஞ்சுது சார்” என்று பாடுவது கணக்கில் சேராது. பெயர் சொல்லியோ, கை காட்டியோ ஒருவரை எழுப்பினால்தான் டிக். பாடவேளை முடிந்ததும் தாளைப் பார்த்தால் போதும், ஆசிரியர் கல்வி பற்றிய பாதிச் சொற்பொழிவு மிச்சம். முதல் இரண்டு பெஞ்சில் டிக் நெருக்கியடிக்கும். கரும்பலகையிலிருந்து திரும்பும்போது கண் விழுகிற பக்கத்தில் கொஞ்சம் கூடும். சுவரோரக் கடைசி பெஞ்ச் வெறுமையாக இருக்கும். அந்த பெஞ்சில் இருப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று அப்புறம் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு பயிற்சி மாணவர் பத்தாம் வகுப்புக்கு அமிலம், காரம் நடத்தினார். நல்ல தயாரிப்பு: எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், லிட்மஸ் தாள் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். குழு குழுவாகச் செய்யவும் விட்டார். நான்கு குழுவிலும் லிட்மஸ் தாளைத் தொட்டு நனைத்தது பையன்கள். பெண் பிள்ளைகள் கையில் நோட்டும் ஸ்கேலும். அட்டவணை போட்டு “சிவப்பு, நீலம்” என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அப்படித்தான் நடக்கும். அடுத்த பாடவேளையில் யார் தொடுவது, யார் எழுதுவது, யார் எழுந்து விளக்குவது என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார். முதல்முறையாக ஒரு பெண் சொட்டு மருந்துக் குழாயைக் கையில் எடுத்தாள், மேஜை முழுக்கச் சிந்தியது. சிந்தட்டுமே.

கேள்வி கேட்பதற்கும் இதுபோல எளிய வழிகள் உண்டு. கேட்டவுடன் கை தூக்குபவரை அழைக்காமல், எல்லோரையும் முதலில் ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு யாரையாவது எழுப்புங்கள். எழுதி வைத்ததைப் படிக்கும்போது கடைசி பெஞ்சுக்கும் வாய் வரும்.

பாடவேளைக்கு வெளியிலும் பாருங்கள். யார் பெருக்குகிறார்கள், ஆசிரியர்களுக்கு டீ வாங்க யார் அனுப்பப்படுகிறார்கள், மணி அடிப்பதும் அட்டெண்டன்ஸ் எடுத்துப் போவதும் யார் வேலை? இரண்டு வாரம் குறித்துவைத்தால் வேலைப் பிரிவினை தெரிந்துவிடும். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். ‘எப்போதும் இவன்தானே செய்வான்’ என்ற பழக்கத்தின் கடைசிப் படி அது.

சாதியைப் பற்றி வகுப்பில் பேசலாமா? பேசாமல் இருப்பதுதான் நல்லது என்கிறார்களே?

பிள்ளைகள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலும் போனில் வைக்கும் ஸ்டேட்டஸிலும் அது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமான ஒன்றும் இருக்கிறது: பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் பாடத்திட்டங்களைச் சமூக நீதி நோக்கில் திருத்த நிபுணர் குழு வேண்டும் என்பது.

கயிற்றை அறுத்தால் பிரச்சினை தீருமா என்று கேட்டால், தீராது. ஆனால் கயிறு கட்டிய கும்பலுக்கு நடுவில் தனியாக உட்காரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

பயிற்சி மாணவராக நீங்கள் வகுப்பில் சாதி ஒழிப்புப் பிரசங்கம் செய்ய வேண்டாம். நான்கு மாதத்தில் கிளம்பிவிடுவீர்கள், பிள்ளைகள் அங்கேயேதான் இருப்பார்கள். செய்யக்கூடியவை சிறியவை. இருக்கையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். குழுவை நீங்களே பிரியுங்கள். “உங்களுக்குப் பிடிச்சவங்களோட சேர்ந்துக்கோங்க” என்றால் தெரு வாரியாகத்தான் சேருவார்கள். பட்டப்பெயரிலோ தெருப் பெயரிலோ ஒருவரை இன்னொருவர் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி போகாதீர்கள். “ஊர் எது? எந்தத் தெரு?” என்ற கேள்வியைப் பாடவேளையில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். நீங்கள் சும்மா கேட்கலாம். அது எதற்கான கேள்வி என்று வகுப்புக்கே தெரியும்.

உதவித்தொகைக்கு விவரம் சேகரிக்கச் சொல்கிறார்கள். சாதி கேட்காமல் எப்படி?

கேட்கத்தான் வேண்டும், கேட்கும் விதம்தான் விஷயம். “எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க, சர்டிபிகேட் யாரு கொண்டு வரலை?” என்று வகுப்பில் கேட்பது இன்றும் நடக்கிறது. இதைத் தவிர்த்து உதவித்தொகைத் தகவலைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சந்துரு அறிக்கையும் சொல்கிறது. எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவில் மாணவர் விவரம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பட்டியல் எடுத்து, ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசலாம். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சான்றிதழே இல்லாத பிள்ளைகளிடம் கூடுதல் பொறுமை வேண்டும். இருளர் குடும்பங்கள் பழங்குடிச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலைவது இங்கே சகஜம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023ல்தான். “நாளைக்குள்ள கொண்டு வரலைன்னா உள்ளே வராதே” என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னால், நாளையிலிருந்து வராமலே போய்விடும்.

நான் யாரையும் பேதம் பார்ப்பதில்லை, எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். அது போதாதா?

நல்ல மனசுதான், போதாது. எல்லாருக்கும் ஒரே ப்ராஜெக்ட் கொடுக்கிறீர்கள்: தெர்மோகோல், கலர் சார்ட், நான்கு கலர் பிரிண்ட். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தால் நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகிவிடும். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை அன்று லீவு போடும். நீங்கள் ‘பொறுப்பில்லாதவன்’ என்று எழுதுவீர்கள். பேதம் எதுவும் பார்க்காமலே பேதம் நடந்துவிட்டது.

வீட்டுப்பாடமும் இப்படித்தான். சாயங்காலம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து, சோறு வைக்கும் பெண்ணுக்கும், டியூஷன் போகும் பையனுக்கும் ஒரே அளவு கொடுத்து, முடிக்காதவர்களை வெளியே நிறுத்தினால் யார் வெளியே நிற்பார்கள் என்பது நிறுத்துவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பள்ளியிலேயே கடைசி இருபது நிமிடம் எழுத விடுங்கள். ப்ராஜெக்ட் என்றால் பழைய செய்தித்தாள், தீப்பெட்டி, இலை, மண் இவற்றால் முடிகிற மாதிரி கொடுங்கள். பாடத்தின் தரம் ஒன்றும் குறையாது.

மாற்றுத்திறன் மாணவர் வகுப்பில் இருந்தால்? எனக்கு அதில் பயிற்சி இல்லையே?

2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அத்தனைக்கும் நிபுணராக உங்களால் முடியாது, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் என்று, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர்கள். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில்தான் இருக்கும். பயிற்சிக்கு வரும்போது சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, அன்று அவரோடு இருந்து பாருங்கள்.

காது கேளாத பிள்ளை இருந்தால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். உங்கள் உதடு அவளுக்குத் தெரிய வேண்டும். பார்வை குறைவு என்றால் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். “இதிலிருந்து அதைக் கழித்தால் இது வரும்” என்று விரலால் சுட்டினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. “எக்ஸிலிருந்து மூன்றைக் கழித்தால்” என்று சொல்லுங்கள், வகுப்பு முழுக்கவே தெளிவாகக் கேட்கும்.

பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டில் ஓடினால் நடக்காது, ஒன்பதிலேயே ஆரம்பிக்க வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையை எட்டு வருடமாக ‘சோம்பேறி’ என்று சொல்லி வந்திருப்பார்கள். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படும் ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

மொழி எப்படிச் சமத்துவப் பிரச்சினை ஆகும்? தமிழ்நாட்டில் தமிழ்தானே?

வீட்டில் பேசும் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் ஒன்றா? ‘எதிரொளிப்பு’, ‘முடுக்கம்’, ‘விகிதமுறு எண்’ எல்லாம் படித்த வீட்டுப் பிள்ளைக்கே புதுசு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குக் கலைச்சொல்லும் புரியாது, அதை விளக்கும் வாக்கியமும் புரியாது. முதலில் அவன் பாஷையில் சொல்லவிட்டு, பிறகு கலைச்சொல்லைக் கொடுங்கள். பேருந்து திடீரென்று வேகமெடுக்கும்போது பின்னால் சாய்வதை அவன் சொல்லட்டும், முடுக்கம் என்ற பெயரை நீங்கள் வையுங்கள். அந்த மொழித் தாள் சொல்வது இதைத்தான்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோர் ஆசையோடு சேர்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பல வகுப்புகளில் பாடம் தமிழில் நடக்கிறது, தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது, நடுவில் பிள்ளை விடையை உரு அடிக்கிறது. இரண்டு மொழியிலும் சொற்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவதாவது செய்யுங்கள்.

நீலகிரியில் வேலை கிடைத்தால் படுகு, கோத்தர், பணியர் மொழி பேசும் பிள்ளைகள் வருவார்கள். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் இந்தி, ஒடியா பேசுபவர்கள். அந்தக் குடும்பங்களிடம் வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. இதை அலுவலகத்தில் நினைவுபடுத்த வேண்டியும் வரலாம்.

அடித்தால்தான் படிக்கிறார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்களே?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், யார் அடி வாங்குகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். கேட்க ஆள் வராத வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஒரு பெண் திடீரென்று வராமல் போனால் பயிற்சி ஆசிரியராக என்ன செய்வது?

உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், “நாளைக்கு வருவா” என்று விடாதீர்கள். கல்யாணப் பேச்சு என்று தோழிகள் சொன்னால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு. அழைப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. அவர் தட்டிக்கழித்தால் நீங்களே அழையுங்கள். மாதவிடாய் நாட்களில் விடுப்பு என்றால் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

அரசுக் கல்லூரிகள் ஏழுதான். சென்னையில் சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் இரண்டும் அதில் அடக்கம். சைதாப்பேட்டைக் கல்லூரியின் வேர் 1856ல் தொடங்குகிறது. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. மற்றவை சுயநிதி.

“வர வேண்டாம், பீஸ் மட்டும் கட்டுங்க, ரெக்கார்டு நாங்க பார்த்துக்கறோம்” என்று சொல்லும் இடம் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அதன் இழுப்பு புரிகிறது. ஆனால் வகுப்புக்கே போகாமல் வாங்கிய பட்டத்தோடு நிற்கும் ஆசிரியர் போய்ச் சேருவது பெரும்பாலும் வேறு வழியில்லாத பிள்ளைகளிடம். விசாரிக்கும்போது இரண்டு கேள்வி போதும்: பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள், பயிற்சியின்போது உங்கள் பேராசிரியர் எத்தனை முறை வந்து வகுப்பில் உட்காருவார்?

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இதெல்லாம் கேட்பார்களா?

கொஞ்சம். பட்டதாரி ஆசிரியர்கள் எழுதும் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். உள்ளடக்கிய கல்விக் கேள்விகள் அதற்குள் வரும். பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. டெட் பாஸானால் மட்டும் வேலை இல்லை: 2018ல் வந்த அரசாணை 149ன்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், டெட் எழுதியாக வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஸ்டாஃப் ரூமில் எல்லார் மேஜையிலும் கைடு இருக்கிறது.

வழிகாட்டி ஆசிரியரே “அந்தத் தெருப் பசங்க அப்படித்தான், டைம் வேஸ்ட் பண்ணாதீங்க” என்கிறார். எதிர்த்துப் பேசினால் மார்க் போய்விடுமே?

போகலாம். அதனால் வாதம் செய்ய வேண்டாம். “சரிங்க சார், ஒரு பாடம் மட்டும் முயற்சி செஞ்சு பார்க்கிறேன்” என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். அந்தப் பையனின் பழைய யூனிட் டெஸ்ட் தாளை வாங்கி எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பாருங்கள். கணக்கில் பின்னமா, கழித்தலில் கடன் வாங்குவதா, கேள்வியை வாசிப்பதிலேயே சிக்கலா? ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு வாரம் மதிய இடைவேளையில் பத்து நிமிடம். முன்னும் பின்னும் அவன் எழுதிய தாள்களை ரெக்கார்டில் தனிநபர் ஆய்வாக வையுங்கள். அந்தப் பகுதிக்கு எப்படியும் ஏதோ ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும், பாதிப்பேர் சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள். தாள்களை வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டும்போது எதுவும் சொல்ல வேண்டாம், அவர் புரட்டிப் பார்க்கட்டும்.